நோயுற்றவருக்குப் பிரார்த்தனைச் சால்வை: நூல் வாங்குவதிலிருந்து கையில் கொடுப்பது வரை

கேள்வி இதுதான்: "எங்கள் பின்னல் குழுவில், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி கடுமையான நோயில் இருப்பவர்களுக்குப் பிரார்த்தனைச் சால்வை பின்னிக் கொடுக்க நினைக்கிறோம். எந்த நூல் நல்லது, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குக் கொடுத்தால் தவறாக எடுத்துக்கொள்வாரா? இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?"

நான் பல வருடங்களாக நோயாளிகளுக்காகப் பின்னுகிறவள். சால்வை பின்னக் கிளம்புகிற முக்கால்வாசிப் பேர் தங்கள் பக்கமிருந்துதான் யோசிக்கிறார்கள் என்பது இத்தனை காலத்தில் நான் பார்த்தது. எந்த டிசைன் அழகு, எந்த நிறம் பளிச்சென்று இருக்கும், எந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே பின்னலாம் என்றே பேச்சு போகிறது. அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவர் ஒரு நாற்காலியிலோ கட்டிலிலோ கையில் ஊசி குத்திய நிலையில் இருப்பார். அவருடைய உடம்பிலிருந்து யோசிக்க ஆரம்பித்தால் நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

ஒருவரை மனதில் வைத்து வேண்டிக்கொண்டே பின்னி, அவருக்கே போர்த்தக் கொடுப்பதுதான் பிரார்த்தனைச் சால்வை. இந்த வழக்கத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்கள் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் இறையியல் கல்லூரியில் பெண்களுக்கான தலைமைப் பயிற்சியை 1997இல் முடித்துவிட்டு, 1998இல் பிரார்த்தனைச் சால்வை ஊழியத்தை ஆரம்பித்தார்கள். கிறிஸ்தவ வட்டத்தில் தொடங்கினாலும் அது அங்கேயே நிற்கவில்லை. இன்று பல மதத்தவரும், எந்த மதமும் சாராதவர்களும் பின்னுகிறார்கள். மதப் பெயர் வேண்டாம் என்பவர்கள் ஆறுதல் சால்வை என்கிறார்கள்.

அவர்கள் பரப்பிய பின்னல் முறை மிகவும் எளிமையானது. ஊசியில் 57 கண்ணி ஏற்றி, மூன்று நிட் (நம் பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி), மூன்று பர்ல் (நம் பக்கம் முடிச்சு மாதிரி விழும் கண்ணி) என்று வரிசை முழுக்கப் பின்ன வேண்டும். அடுத்த வரிசையையும் மூன்று நிட்டில்தான் தொடங்க வேண்டும். அவ்வளவுதான், கடைசி வரை இதே. 57 என்பது பத்தொன்பது மூன்று. 19 ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு வரிசையும் நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடியும். திருப்பிப் பின்னும்போது நிட் விழுந்த இடத்துக்கு மேல் அதன் எதிர்ப்பக்கம் வரும். அதனால் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சின்னச் சின்ன மேடுபள்ளங்களோடு வரும். ஓரம் சுருளாது. வழவழப்பான சாதாரண ஸ்வெட்டர் பின்னலில் இந்த வசதி கிடையாது. ஓரங்கள் உள்ளே சுருண்டுகொண்டே இருக்கும். எங்கே விட்டோம் என்று மறந்துபோனால் ஊசியில் இருக்கும் கண்ணிக்குக் கீழே பாருங்கள். முடிச்சு மாதிரித் தெரிந்தால் அதன்மேல் நிட் போடுங்கள், வழவழப்பாகத் தெரிந்தால் பர்ல் போடுங்கள். மூன்று என்ற எண்ணுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள்: திரித்துவம், உடல் மனம் ஆன்மா, நேற்று இன்று நாளை. எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை தருகிற தாளம். வரிசைக்குப் பத்தொன்பது முறை மூன்று எண்ணுவதற்குள் மூச்சு நிதானப்பட்டுவிடும். ஒரு நாமமோ ஜெபமோ சொல்பவர்களுக்கு அது இயல்பாக அந்தத் தாளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் இதற்குத் தடித்த நூலும் 8 மி.மீ. ஊசியும்தான் வழக்கம். சுமார் 500 மீட்டர் நூல் பிடிக்கும், முடிந்த சால்வை அரைக் கிலோ கனக்கும். சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் சாப்பாடு இறங்காமல் உடம்பு தேய்ந்துபோனவரின் தோளில் அரைக் கிலோ என்பது சாதாரணச் சுமை இல்லை. அதனால் தோளில் போடுவதற்கு நடுத்தரத் தடிமன் நூலும் 5.5 அல்லது 6 மி.மீ. ஊசியும்தான் நான் சொல்வேன். முடித்து எடை போட்டால் 350 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணிகளைக் கூட்ட வேண்டியிருக்கும்: 69, 75, 81 என்று, மூன்றால் வகுத்தால் ஒற்றைப்படை வருகிற எண்ணாக இருக்கட்டும். அகலம் 50 முதல் 60 செ.மீ., நீளம் 150 செ.மீ. போதும். அதற்குமேல் நீண்டால் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும். மடியில் போட்டுக்கொள்ளும் போர்வை என்றால் 90க்கு 120 செ.மீ. நல்ல அளவு; அதைக் கொஞ்சம் கனமாகவே பின்னலாம். தோளில் சால்வை போடப் பிரியப்படாத ஆண்கள் பலர் மடிப்போர்வையை யோசிக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

நூல் விஷயத்தில் நிறையச் சண்டை நடக்கும். நல்ல கம்பளிதான் மரியாதை, அக்ரிலிக் என்ற செயற்கை நூல் மலிவுச் சரக்கு என்று பின்னல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நோயாளிக்குப் பின்னும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கீமோ, கதிர்வீச்சு இரண்டிலும் தோல் வறண்டு, எரிச்சல் எளிதில் வரும்படி ஆகிவிடும். ஆரோக்கியமான தோலுக்கே குத்துகிற கம்பளி அங்கே தாங்காது. மோஹேர் போல முடி உதிர்க்கும் நூலை, மூச்சுத் திணறல் உள்ளவர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பருத்தி மென்மைதான், ஆனால் கனம், துவைத்தால் காய நேரமெடுக்கும், சூடும் குறைவு. மெஷினில் துவைக்கக்கூடிய மெரினோ என்ற மென்மையான கம்பளி கிடைத்து, பணமும் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் குழந்தைகளுக்கென்று விற்கும் மென்மையான அக்ரிலிக் தாராளமாகப் போதும். வாங்குமுன் நூலைக் கையில் உருட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கை எதையும் தாங்கும். கழுத்தின் பக்கவாட்டில் வைத்து ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தாவிட்டால் சரி.

அக்ரிலிக்கில் ஓர் ஆபத்து உண்டு, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கம்பளியில் எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் பற்றிக்கொண்டால் உருகித் தோலில் ஒட்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்தால், விளக்கு, மெழுகுவர்த்தி, அடுப்பு, சிகரெட் எதன் பக்கத்திலும் போர்த்திக்கொண்டு போக வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள், சீட்டிலும் எழுதுங்கள்.

அப்புறம் பின்னலின் அடர்த்தி. புறங்கையில் கேனுலா (மருந்து ஏற்ற நரம்புக்குள் செருகும் மெல்லிய குழாய்) போட்டிருக்கும், அதன்மேல் பிளாஸ்திரி. ஓரிரு நாளில் பிளாஸ்திரியின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், பசை வெளியே தெரியும். பெரிய ஓட்டைகள் விட்ட லேஸ் பின்னலின் ஒரு கண்ணி அந்தப் பசையில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் கேனுலாவின் மூடியில் மாட்டியிருக்கும். அவர் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டுவார். சால்வையும் கூடவே இழுபட்டு வரும், உள்ளே குழாய் அசையும், முகம் சுருங்கும். அதற்குப் பிறகு அந்தச் சால்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிடுவார். கேட்டால் "ரொம்ப அழகா இருக்கு, அழுக்காகக் கூடாதுன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்பார். ஆகவே விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமான பின்னல் வேண்டும். குரோஷா ஊசியில் பின்னுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் குரோஷாவில் அழகே ஓட்டைகளில்தான் இருக்கிறது. அமெரிக்க முறையில் பாதி டபுள் குரோஷா (half double crochet) என்கிற பின்னல் போதும். பேட்டர்னைப் பின்பற்றுபவர்கள் அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று பாருங்கள். அமெரிக்கர்கள் டபுள் என்பதை பிரிட்டிஷார் ட்ரெபிள் என்பார்கள், அளவே மாறிப்போகும்.

குஞ்சம் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மரபாக வைப்பதுண்டு. படுக்கையில் இருப்பவருக்கு நான் வைப்பதில்லை; டியூபைச் சுற்றிக்கொள்ளும், சாப்பாட்டுத் தட்டில் விழும். உலோக இழை ஓடும் மினுமினுப்பு நூல், ஊக்கு, புரூச், மணி எதுவும் வேண்டாம். நூல் தீர்ந்து புதுக் கண்டு சேர்க்கும்போது முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு நுனியையும் பதினைந்து செ.மீ. விட்டு, மொட்டை ஊசியில் கோத்து, பின்னலுக்குள்ளேயே ஒரு பக்கமாக ஓட்டி, திரும்ப எதிர்ப்பக்கமாக ஓட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு முதுகுக்கடியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் அந்த இடத்தில் அழுத்தம் விழும். படுக்கைப்புண் வரக்கூடிய நிலையில் இருப்பவருக்குச் சால்வை மேலே போர்த்துவதற்கு மட்டுமே, அடியில் விரிக்கக் கூடாது.

நோய்க்கு நோய் தேவை மாறும். டயாலிசிஸில் இருப்பவர் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் போல அசையாமல் உட்கார்ந்திருப்பார். ரத்தம் உடம்புக்கு வெளியே குழாயில் சுற்றி வருவதால் நன்றாகவே குளிரும். சால்வைக்கு இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் செவிலியர் கண்ணில் உடனே பட வேண்டும். ஒரு பக்கத் தோளை மட்டும் மூடிக்கொண்டு மற்றதை வசதியாக விட முடிகிறது என்பதுதான் ஸ்வெட்டரைவிடச் சால்வையின் பெரிய லாபம். கீமோ மருந்தை ஏற்ற நெஞ்சில் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி. மார்பக அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கையில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. தோளையோ புஜத்தையோ இறுக்கிப் பிடிக்கும் எதுவும் அவர்களுக்கு ஆகாது. குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து கொடுப்பார்கள். அது ஏறிய பிறகு கொஞ்சம் குளிர் பட்டாலும் விரல் நுனிகள் மரத்து ஊசி ஊசியாகக் குத்தும். அவர்களுக்குச் சால்வையின் இரு நுனியையும் ஒரு சாண் மடித்துத் தைத்துப் பையாக்கிவிடுங்கள், கையை உள்ளே விட்டுக்கொள்ளலாம். செலவில்லாத வேலை, ஆனால் நான் கொடுத்தவற்றில் அதிகம் பாராட்டு வாங்கியது இந்தப் பைதான்.

குழந்தை நோயாளி என்றால் சின்ன மடிப்போர்வை போதும். ஒரு வயதுக்குக் கீழே என்றால், தூங்கும்போது கைக்குழந்தையின் தொட்டிலில் தளர்வான துணி எதுவும் இருக்கக் கூடாது. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போர்த்தலாம்.

நிறத்தை முடிந்தால் வீட்டாரிடம் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் நீலம், பச்சை, சாம்பல் கலந்த நடுத்தர நிறங்கள் நல்லவை. வெள்ளை பல சமூகங்களில் துக்கத்தோடு சேர்ந்தது, கறையும் காட்டும். கீமோ மருந்துகளில் டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிவப்பைக் கண்டாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வாசனை விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. சிகிச்சையில் இருப்பவருக்கு மூக்கு கத்தி மாதிரி இருக்கும். நமக்கு நறுமணமாக இருக்கும் சோப்பும் கம்ஃபர்ட்டும் அவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும். பின்னும் வீட்டில் சிகரெட், ஊதுபத்தி, சமையல் வாடை, நாய் பூனை முடி எதுவும் நூலில் ஏறாதபடி, வேலை இல்லாத நேரத்தில் மூடிய பையில் வையுங்கள். முடித்ததும் வாசனையில்லாத சோப்பில் துவைத்து, நன்றாக உலர்த்தி, புது பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அக்ரிலிக்கை இஸ்திரி போட வேண்டாம், தொய்ந்து உயிரற்றுப்போகும்.

கீமோ ஏறி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் நேரில் போகாமல் வீட்டாரிடம் கொடுத்தனுப்புவது நல்லது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டிலும் வெளித்துணியை உள்ளே விடலாமா என்று முதலில் அங்குள்ள செவிலியரிடம் கேளுங்கள். கூடாது என்றால் கூடாதுதான். அங்கே வாதாட வேண்டாம். மருத்துவமனைச் சலவையில் கலந்தால் சால்வை திரும்பி வராது, கொதிநீரில் போட்டால் உருப்படாது. வீட்டில் துவைக்கும்படி சீட்டில் எழுதிவிடுங்கள்.

இனி பயன் உண்டா என்ற கேள்வி. சால்வை நோயைக் குணப்படுத்தாது. பிரார்த்தனையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும், எனக்கும் உண்டு. ஆனாலும் ஓர் ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஹெர்பர்ட் பென்சனும் அவர் குழுவும் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரிடம் நடத்தி, 2006இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார்கள். நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு பிரிவினரிடமும் உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார்கள். ஒரு பிரிவுக்குப் பிரார்த்தித்தார்கள், மற்றதற்கு இல்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் முறையே 52, 51 சதவீதம், அதாவது வித்தியாசம் இல்லை. மூன்றாவது பிரிவினரிடம் உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லி, அப்படியே பிரார்த்தித்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன.

இதை வைத்துப் பிரார்த்தனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூன்றாவது எண் ஏன் கூடியது என்று ஆய்வாளர்களே உறுதியாகச் சொல்லவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நோயாளிகளோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். "எல்லோரும் உங்களுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறோம், கட்டாயம் குணமாகிவிடும்" என்ற வார்த்தை சிலர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிடும். இத்தனை பேர் வேண்டியும் அடுத்த ஸ்கேன் மோசமாக வந்தால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள். யாரிடமும் அதைச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் பிரார்த்தனையை நீங்கள் முழு மனதோடு செய்யுங்கள், பின்னத் தொடங்கும்போதும், ஒவ்வொரு வரிசையிலும், முடித்த பிறகு குழுவாகச் சால்வைமேல் கைவைத்தும் செய்யுங்கள். அதன் பலனை அவர் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை இல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்பதற்கும் இதுவே வழி காட்டும். தாராளமாகக் கொடுக்கலாம். பிரார்த்தனை என்ற சொல்லை அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "உங்களை நினைத்துக்கொண்டே பின்னியது" என்றால் அது முழு உண்மை, அவர் மனமும் கோணாது. வேறு மதத்தவருக்கு உங்கள் மதச் சின்னத்தைப் பின்னிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். நோயில் கிடப்பவர் மறுத்துப் பேசும் தெம்பில் இருக்கமாட்டார். அந்த நிலையில் அவர்மேல் எதையும் போர்த்திவிடலாம் என்று நினைப்பது நியாயம் இல்லை.

கூட வைக்கும் சீட்டைச் சின்னதாக எழுதுங்கள். நான் எழுதுவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "இதைப் பின்னும்போதெல்லாம் உங்களை நினைத்தோம். வேண்டிய நேரத்தில் போர்த்திக்கொள்ளுங்கள், அழுக்கானால் பரவாயில்லை. பதில் எழுத வேண்டாம்." கீழே நூலின் வகை, துவைக்கும் முறை. தைரியமாகப் போராடுங்கள், சீக்கிரம் எழுந்து வாருங்கள் என்றெல்லாம் நான் எழுதுவதில்லை. கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரிகள் எப்படி ஒலிக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். "பதில் எழுத வேண்டாம்" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்ல வேண்டிய கடன் பாக்கி இருக்கிறதே என்ற கவலை நோயாளிகளுக்கு நிஜமாகவே உண்டு.

கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். முடி கொட்டி, முகம் வீங்கியிருக்கும் நேரத்தில் யாரும் கேமராவுக்கு முன்னால் நிற்க விரும்பமாட்டார்கள். நோயின் பெயரையும் ஆளின் பெயரையும் குழுவில் சொல்லிப் பிரார்த்திக்கும் முன் அவரிடம் அனுமதி வாங்குங்கள். அலுவலகத்துக்கோ சொந்தக்காரர்களுக்கோ தெரியக் கூடாது என்று மறைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அனுமதி இல்லாவிட்டால் பெயர் சொல்லாமலே வேண்டிக்கொள்ளலாம்.

அவர் இறந்துவிட்டால் சால்வையைப் பற்றி விசாரிக்க வேண்டாம். சில வீடுகளில் உடலோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள், சில வீடுகளில் மகளோ கணவரோ எடுத்து வைத்துக்கொள்வார்கள், சில வீடுகளில் பார்க்கவே முடியாமல் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மூன்றுமே சரிதான், கொடுத்த பிறகு அது அவர்களுடையது. இன்னொன்று, இரவு முழுக்கப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விழித்திருக்கும் துணையாளரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முடிந்தால் அவருக்கும் ஒரு சின்னச் சால்வை பின்னுங்கள்.

குழுவாகப் பின்னும்போது ஒரே சால்வையைக் கைமாற்றி ஆளுக்குச் சில வரிசைகள் போடுவது நல்ல பழக்கம். ஒவ்வொருவர் கையிலும் இறுக்கம் வேறு வேறாக இருப்பதால் ஓரம் கொஞ்சம் அலைபோல வரும். மூன்று நிட், மூன்று பர்ல் பின்னலில் அது பெரிதாகத் தெரியாது. ஊசியை மட்டும் மாற்றாமல் சால்வையோடே அனுப்புங்கள். கோபமாகவோ சோர்வாகவோ இருக்கும் நாளில் பின்னினால் அது சால்வையில் இறங்கிவிடும், அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. மனம் கனத்திருக்கும் நாளிலும் ஒருவருக்காக உட்கார்ந்து நான்கு வரிசை போட்டிருக்கிறீர்கள், அதை ஏன் அவிழ்க்க வேண்டும்?

கடைசியாக நேரம். புதிதாகப் பின்னுகிறவருக்கு ஒரு சால்வை முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும். நோய் உறுதியான பிறகு பின்ன ஆரம்பித்தால், சால்வை முடியும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடும். எனவே யாருக்கு என்று முடிவாகும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஊசியில் கண்ணியை ஏற்றுங்கள். பொதுவான நிறத்தில் இரண்டு சால்வை, ஒரு மடிப்போர்வை துவைத்துப் பையில் போட்டுத் தயாராக இருந்தால், செய்தி வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.